கண்ணாடியில் ஒரு கை

எங்கள் கடைத்தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணாடிதான். உணவகங்கள், பேக்கரி, துணிக்கடை, மருந்துக்கடை, நடுவில் என் செருப்புக்கடை. அத்தனை கண்ணாடியையும் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் துடைத்து முடிப்பது ஒரே ஆள். தெருவே அவரைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடும். ஐந்தடிக்கும் குறைவு. ஒரு கையில் வாளி, மறு கையில் ரப்பர் பட்டை வைத்த கோல். சோப்புத் தண்ணீரை அடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. வேலை என்றால் வேலை, குறை சொல்ல முடியாது.

ஆனால் கடைசியில் ஒரு காரியம் செய்வார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பளபளவென்று துடைத்த கண்ணாடியில், எக்கி நின்று, ஈர உள்ளங்கையை அப்படியே பதித்துவிட்டுப் போவார். ஒரு கடை விடமாட்டார். கேட்டால், "பழக்கம்ண்ணே, விடுங்க" என்பார். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொள்வது என்ன பழக்கமோ! அவர் தலை மறைந்ததும் நான் துணியை எடுத்து அந்தக் கையைத் துடைத்துவிடுவேன். பதினோரு வருஷமாக இதுதான் நடந்தது.

ஒன்பது மணிக்கு அவருடைய வீட்டுக்காரர் வாளியை வாங்கிக்கொள்ள எதிரே பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்பார். நல்ல உயரம். மழை கொட்டினாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். நான் வைத்த பெயர் ஹீரோ. "என்ன ஹீரோ, இன்னிக்கு ஷூட்டிங் எங்க?" என்று கடைக்குள்ளிருந்தே கத்துவேன். சிரித்துக்கொண்டே கையாட்டுவார்.

என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆள் தெருவில் நடந்து வரும்போதே கால் அளவைச் சொல்லிவிடுவேன்.

போன மாதம் கடைக்கு ஏசி போட்டேன். அதுவரை காலையில் திறந்த கண்ணாடிக் கதவு, கடை மூடும்வரை திறந்தேதான் கிடக்கும். அன்றுதான் முதல் தடவையாகச் சாத்தினேன். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த போனை எடுத்துக்கொண்டு, பதினோரு மணிவாக்கில் என் மனைவி வந்தாள். உள்ளே நிற்கும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். போனைத் தூக்கிக் காட்டினாள். நேராக நடந்து வந்தாள்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடி நொறுங்கி, புருவம் பிளந்து, முகமெல்லாம் ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து உணவகக்காரர்தான் ஓடிவந்து அவளைத் தூக்கினார்.

நான்கு தையல். "அரை விரல் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார் டாக்டர்.

அன்று மாலையே கடைக்காரர்கள் கூடினோம். "கண்ணாடி இருக்கறதே தெரியாமயா துடைக்கிறது? அந்தம்மா வேணாம், வேற ஆளைப் பாருங்க!" என்று அதிகம் குதித்தவன் நான்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரிடம் சொல்லும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

மறுநாள் காலை வாளியோடு வந்தார். என் மனைவி கதவில் மோதியதையும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதையும், அதற்கு மேலும் நாலு வார்த்தைகளையும் கொட்டித் தீர்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கதவையே பார்த்தார்.

"கை எங்கண்ணே?"

"எந்தக் கை?"

"நேத்து நான் வச்ச கை."

"அதை நான் அப்பவே துடைச்சிட்டேன். தினமும் துடைப்பேன்."

அவர் முகம் வெளுத்துப்போனது. வாளியைக் கீழே வைத்தார்.

"கல்யாணமான புதுசுல ஒரு பெரிய துணிக்கடையில துடைச்சிட்டிருந்தேன். கண்ணாடி இருக்கறதே தெரியலன்னு எல்லாரும் மெச்சுவாங்க. ஒரு நாள் நல்ல மழை. இவர் எனக்குக் குடை எடுத்துட்டு வந்தார். உள்ள நான் நிக்கறதைப் பார்த்துட்டு ஓடி வந்தார். அது பழைய கண்ணாடி, உடைஞ்சிருச்சு. ஒரு கண்ணு அங்கயே போச்சு. இன்னொண்ணுல பாதிதான் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினோரு வருஷம்! எத்தனை ஷூட்டிங் கேட்டிருப்பேன்! அந்த மனுஷன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லையே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அதான் எக்கி எக்கி வைக்கிறீங்களா?" என்றேன்.

"அவர் மூஞ்சிக்கு நேரா வர்ற உயரம்ண்ணே அது."

கடையை அப்படியே போட்டுவிட்டு, தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். கையைத் துடைத்தவன் நான், அக்கா மேல் தப்பில்லை, அவரே வரட்டும் என்றேன். உணவகக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியே உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கண்ணாடியக்கா என் கதவைத் துடைத்து, வழக்கம்போல எக்கிக் கை பதித்தார். கீழே இன்னொரு கை வைக்கப்போனவர், நிறுத்தித் திரும்பினார்.

"அண்ணே, உங்க வீட்டம்மா எவ்வளவு உயரம்?"

நான் கையை என் தோளுக்கு நேராகத் தூக்கினேன். பிறகு காது வரை கொண்டுபோனேன். மறுபடியும் இறக்கினேன். அவள் கால் அளவு ஐந்து, அது தெரியும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகிறது, அவள் உயரம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.