கண் மட்டும் வராத படம்

இரண்டாயிரத்து எட்டாம் வருட அடைமழை. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். தெருவில் முழங்கால் வரை தண்ணீர். திருநீர்மலைப் பக்கம் வானம் இன்னும் கொட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது என்பதுபோல் கறுத்து நின்றது. அந்த மத்தியானம் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீரோ என்றால் அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 

அவன் என் நண்பன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். அவன் மட்டும் கேளம்பாக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இருவரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினோம். புறநகர்ப் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணப் படங்களை இன்டர்நெட் வழியாக எங்களிடம் ஏற்றிவிடுவார்கள். துபாயிலோ டெக்சாஸிலோ இருக்கிற சொந்தக்காரர்கள் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இன்றைக்குக் குழந்தைகூட கைபேசியில் செய்கிற காரியம். அன்றைக்கு அதை விளக்குவதற்குள் டீ ஆறிவிடும். அவன்தான் அதற்கு ஒரு பெயர் வைத்தான். 'நெட் பீரோ.' நான் ஒரு வாரம் யோசித்து வைத்திருந்த அழகான தமிழ்ப் பெயரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எல்லார் வாயிலும் நெட் பீரோ, நெட் பீரோ.

பீரோவுக்கு மூன்று அறைகள். ஒரு கம்ப்யூட்டர் என் வீட்டில். ஒன்று கேளம்பாக்கத்தில் அவன் அறையில். மூன்றாவது பம்மலில், எங்கள் முதல் வாடிக்கையாளரான ஸ்டுடியோ பாயின் கடையில். வருகிற ஒவ்வொரு படத்தையும் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றையும் இந்த மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகளில் ஏதாவது இரண்டில் வைப்போம். யாராவது படம் கேட்டால் பெட்டிகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கும். திரையில் ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒரே படமாக வந்து நிற்கும். ஒரு பெட்டி படுத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். இரண்டு படுத்தால் படத்தில் ஓட்டை விழும்.

இந்த யோசனையும் அவனுடையதுதான். "ஒருத்தன்கிட்டயே முழுப் படமும் இருந்தா அவன் ராஜா ஆயிடுவான் மச்சான். எவன்கிட்டயும் முழுசா இருக்கக் கூடாது. அப்பதான் சண்ட வராது," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எந்தக் கீற்று எங்கே போகவேண்டும் என்று பங்கு போடுகிற நாலு வரி நிரலை எழுதியது நான். அந்த நாலு வரிக்காக ராத்தூக்கம் கெட்டவன் நான். ஆனால் பாய் எல்லாரிடமும் என்ன சொல்வார்? "அந்தக் கேளம்பாக்கத்துத் தம்பியோட பீரோ."

என்னை அவர் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவனை 'தம்பி.' இந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு நாள் மென்றிருக்கிறேன் தெரியுமா? தம்பிக்குப் பெருநாளன்று பிரியாணி தூக்குவாளியில் போகும். சாருக்கு, 'சார் வெஜ்ஜு சாப்டுவீங்களோ என்னமோன்னு குடுக்கல சார்' என்று ஒரு மரியாதை போகும். அவன் சிரித்தால் அறை சிரிக்கும். நான் சிரித்தால் 'என்ன சார்?' என்று கேட்பார்கள். என் மனைவி வேறு, அவன் ஒருமுறை எங்கள் வீட்டு மிக்சியைச் சரி செய்ததிலிருந்து, "உங்க ஃப்ரெண்ட்ட சொன்னா உடனே செஞ்சிடுவார்," என்பதை ஒரு மந்திரம் மாதிரி வைத்திருந்தாள். அவன் இல்லாமல் எனக்கு ஒரு நாள் நகராது. அவன் இருந்தால் என் உள்ளங்காலில் ஒரு முள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அந்த மழையில் பம்மல் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சிடிக்கள், ஆல்பங்கள், பாயின் ஹார்டு டிஸ்க், எங்கள் மூன்றாவது பெட்டி எல்லாமே சேற்றுத்தண்ணீரில். அடுத்த நாள் மத்தியானம் பாய் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தார். பின்னால் ஓர் இளம்பெண், புர்காவின் ஓரம் எல்லாம் சேறு.

"சார், இந்தப் பொண்ணு கல்யாணம் நாந்தான் எடுத்தேன். அத்தா இப்ப மவுத், எறந்துட்டாரு சார். ஆல்பம் இன்னும் போடல. இது நாளைன்னிக்கு ஷார்ஜாவுக்குப் போவுது, மாப்பிள்ள அங்கதான் கீறாரு. கடையில ஒண்ணும் மிஞ்சல சார். பீரோவுல இருக்கும்ல?"

அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு படம் வேண்டும் என்றாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கேமராவைக் கண்டாலே ஆகாதாம். ஒன்று கையை நீட்டி மறைப்பார், இல்லையென்றால் திரும்பிக்கொள்வார். வலிமா விருந்து அன்று மாப்பிள்ளையும் அவரும் தோளோடு தோள் நின்றபோது, அவருக்குத் தெரியாமல் பாய் ஒன்று எடுத்தாராம். "அத கேமராவுலயே காட்டுனாருண்ணா, இத்துனூண்டு தெரிஞ்சுது. பெருசா பாக்கணும். வீட்ல இருக்கறது ரேஷன் கார்டு போட்டோதான். அது அவரு மாதிரியே இல்ல."

இருக்கும் என்றேன். என் மார்பு விரிந்துகொண்டதை மறைக்கவில்லை. கேளம்பாக்கத்துத் தம்பியிடம் போகாமல் என்னிடம் வந்திருக்கிறார்களே. தண்ணீர் காரணமாகத்தான், வண்டலூர் தாண்ட முடியாது என்பதால்தான். இருக்கட்டும். நாற்காலி இழுத்துப் போட்டேன். படத்தைத் திறந்தேன்.

மேலிருந்து கீழாக வந்தது. முதலில் சரவிளக்கு, பின்னால் தொங்கிய ஜிகினாத் துணி. பிறகு வெள்ளைத் தொப்பி, நெற்றி. பிறகு ஒரு சாம்பல் நிறப் பட்டை. அதற்குக் கீழே மூக்கு நுனி, நரைத்த தாடி, மாப்பிள்ளையின் ரோஜா மாலை. இரண்டு ஆண்களுக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாம்பல்.

பம்மல் பெட்டி நீரில். என் பெட்டி இருப்பதைக் கொடுத்துவிட்டது. மிச்சம் கேளம்பாக்கத்தில். ஆனால் கேளம்பாக்கம் பதில் சொல்லவில்லை. அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"காலையிலேர்ந்து கரண்ட் இல்ல மச்சான். ஒயர் அறுந்து தண்ணியில கெடக்குது. ஈபிகாரன் எப்ப வருவான்னு எவனுக்குத் தெரியும். இன்னா மேட்டரு?"

சொல்லியே ஆக வேண்டும்: அந்த நொடி எனக்குள் ஒரு சின்ன மணி அடித்தது. படுத்திருப்பது அவன் பெட்டி. நிற்பது என் பெட்டி. பாய் பக்கம் திரும்பி, "அவன் சைடு டவுன் ஆயிடுச்சு பாய்," என்றேன். அவன் சைடு. எவ்வளவு சுகமாக இருந்தது அந்த இரண்டு சொல்லும்.

அப்போது அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "கண்ணு மட்டும் வரலண்ணா."

என் பக்கம் திரும்பவில்லை. குறை சொல்கிற குரலும் இல்லை. ஊரிலிருந்து எல்லாரும் வந்து இறங்கிவிட்டார்கள், ஒருவர் மட்டும் வண்டியைத் தவறவிட்டார் என்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குள் அடித்த மணி நின்றுவிட்டது.

ஃபோனில் அவன் இன்னும் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன். 

"அப்ப பொட்டிய தூக்கினு வரேன்."

"இந்த மழையில எப்படிடா? ஒரு சொட்டு உள்ள போனா அவ்ளோதான்."

"ஐஸ் கரையாம மீன் எடுத்துகினு வர்ற குடும்பம்டா. இது இன்னா பெரிய பொட்டி. அந்தப் பொண்ண உக்கார வெய்யி."

உட்கார வைத்தோம். என் மனைவி இஞ்சி போட்டு டீ கொடுத்தாள். பாய் ஜன்னலருகே நின்று கடையில் நனைந்த ஒவ்வொரு கல்யாணமாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். நான் படத்தை மூடலாமா என்று கேட்டேன். "வேணாம்ணா, இருக்கட்டும்," என்றாள். சாம்பல் பட்டை அப்படியே கிடந்தது. பார்க்கப் பார்க்க அது மழை வானம் மாதிரி இருந்தது. அந்த மனிதர் வானத்தைக் கண்ணில் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் படியில் சத்தம். பாதி தூரம் பஸ், பாதி தூரம் யாரோ ஒரு தண்ணீர் லாரி, கடைசியில் தோளில் சுமந்து நடை. பெட்டியைத் தன் அப்பாவின் தார்ப்பாயில் சுற்றி, நைலான் கயிற்றால் வலை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். அறை முழுக்கக் கருவாட்டு வாசனை. அவன் உடம்பில் காய்ந்த இடம் ஒன்றும் இல்லை. பெட்டியில் நனைந்த இடம் ஒன்றும் இல்லை.

"பாவம், எப்படி நனைஞ்சு வந்திருக்கார் பாருங்க," என்று என் மனைவி துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிரிக்காமல் வைத்திருந்த புதுத் துண்டு. எனக்கென்று வாங்கியது. பாய், "வா தம்பி, வா," என்று அவன் தலையையே துவட்டிவிட்டார். முள் தன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

பெட்டியை என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒயர் மாட்டினோம். ஸ்விட்ச் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. மறுபடியும் கறுப்பு. வழியெல்லாம் குலுங்கி வந்ததில் உள்ளே ஏதோ இடம் மாறிவிட்டது. அவன் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லாததைப் பார்த்தேன். "போச்சா மச்சான்?" என்றான்.  

நான் மூடியைக் கழற்றினேன். ரேம் என்கிற மெமரி கார்டை உருவி, என் மகள் பென்சில் டப்பாவிலிருந்து அழிரப்பரை எடுத்து, அதன் தங்கப் பற்களைத் தேய்த்தேன். அந்தக் காலத்தில் எல்லா கம்ப்யூட்டர் வியாதிக்கும் அதுதானே கைவைத்தியம். மெல்ல, குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் தேய்த்தேன். தேய்க்கும்போது மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: இவன் பெட்டி உயிர்பெற வேண்டும். என் வாழ்நாளில் அவனுக்காக அப்படி நான் வேண்டிக்கொண்டதில்லை. எனக்காகவும் இல்லை.

மாட்டினேன். போட்டேன். ஒரு சின்ன 'பீப்'.

படத்தை மறுபடியும் திறந்தேன். சரவிளக்கு, ஜிகினா, தொப்பி, நெற்றி. ஒரு கணம் சாம்பல். பிறகு அந்த இடத்தில் அவன் பெட்டியிலிருந்து கண்கள் வந்து அமர்ந்தன.

அந்தப் பெரியவர் கேமராவைப் பார்க்கவில்லை. தலை நேராகத்தான் இருந்தது. கண்கள் மட்டும் ஓரத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை அளந்துகொண்டிருந்தன. சட்டையை, மாலையை, அந்த இளம் சிரிப்பை.  அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அது என் பார்வை. நான் தினமும் ஒருவனைப் பார்க்கிற பார்வை.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டும்.

"இதாண்ணா. இதத்தான் பாக்கணும்னு நெனச்சேன். நிச்சயம் ஆன நாள்லேர்ந்து அவர இப்பிடியேதான் பாப்பாரு. எம் பொண்ண தூக்கினு போவ வந்துட்டியான்னு. பொறாம. அப்பிடி ஒரு பொறாம எங்க அத்தாக்கு. நான் அவருக்குத் தண்ணி குடுத்தாகூட, 'ஏன், அவனுக்குக் கையில்லியா'ன்னு கேப்பாரு."

பாய் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தே சொன்னாள்: "ஆனா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது, 'மாப்பிள்ளைக்கு ஃபோன் போடு, மாப்பிள்ளைக்கு ஃபோன் போடு'ன்னுதாண்ணா சொன்னாரு. பக்கத்துல நான் உக்காந்துகினு இருக்கேன். என்ன கேக்கவேயில்ல. எனக்குப் பொறாமையாயிடுச்சு."

நான் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தேன். என் புதுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று என் நாலு வரி நிரலுக்குத் தெரியாது. நெற்றி எது, கண் எது என்று பார்த்தா பங்கு போடுகிறது? ஆனாலும் தாடியையும் ஜிகினாவையும் எனக்கு வைத்துவிட்டுக் கண்களை அவனிடம் கொடுத்தது நான் எழுதிய வரிதான்.

அவள் சிடியில் படத்தை வாங்கிக்கொண்டு போகும்போது அவனுக்குத்தான் முதலில் நன்றி சொன்னாள். நனைந்து வந்தவன் அவன்தானே. பிறகு பாயிடம். பிறகு டீ கொடுத்த என் மனைவியிடம். படியில் பாதி இறங்கியதும் திரும்பி, "வரேண்ணா," என்று எனக்கும் ஒன்று. போதும் என்று இருந்தது. போதவில்லை என்றும் இருந்தது.

நெட் பீரோ ரொம்ப நாள் ஓடவில்லை. எங்கிருந்தோ பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து எல்லாருக்கும் சும்மாவே பீரோ கொடுத்துவிட்டார்கள். அவன் வெளிநாட்டில் அப்படிப்பட்ட ஓர் இடத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். ஊர் முழுக்கப் பெட்டிகள், கடல் தாண்டிப் பெட்டிகள். 'எல்லாம் கீற்றுக் கீற்றாகத்தான் வைத்திருக்கிறோம் மச்சான், அதே கததான்' என்கிறான். நான் இங்கே தாம்பரத்திலேயே நரைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் புது வீட்டுப் படம் அனுப்பினால் நெஞ்சில் சுருக்கென்கிறது. என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்து, 'எவ்ளோ நல்லா இருக்குல்ல' என்றால் இன்னொரு சுருக்கு. இந்த வயதில் இது போகும் என்று நான் நம்பவில்லை. போக வேண்டும் என்று இப்போதெல்லாம் ஆசைப்படுவதும் இல்லை. எனக்கு ஒன்று ஆகி, பேச்சு குழறிக் கிடந்தால், யாருக்கு ஃபோன் போடு என்று கேட்பேன் என்பது என் மனைவிக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கோபித்துக்கொண்டாலும்.