அண்ணியின் அளவுக்கு ஒரு சைக்கிள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வரும் மூட்டைகளில் நோயாளிகளின் சொந்தச் சட்டையும் சில நேரம் கலந்து வந்துவிடும். பித்தான் அறுந்திருந்தால் என் அண்ணி சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து, வேறு பித்தான் தைத்து மடித்து வைத்துவிடுவார். யாருடைய சட்டை என்று அவருக்குத் தெரியாது. யார் தைத்தது என்று உடையவருக்கும் தெரியாது. பக்கத்து மேசையில் துணி மடிக்கும் நான்தான் பார்ப்பேன். கடவுளும் பார்த்திருப்பார்.

அங்கேயே ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் அண்ணிக்கு இடது முட்டி பாதிதான் மடங்கும். அப்படி இருக்கையில் சலவைக்கூடத்தை ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். முதல் பஸ்ஸோ ஏழு மணிக்கு. நான் ஒரு மணி நேரம் நடந்து போய்விடுவேன், அண்ணியால் ஆகாது. அண்ணன் நாலு மணிக்கே சரக்கு லாரியில் கிளம்புகிறவர். ஒன்றாம் தேதியிலிருந்து நேரத்துக்கு வராதவர்களுக்கு வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அண்ணன் எங்களைச் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனார். புதுச் சைக்கிளில் அண்ணியை உட்கார வைத்தார்கள். இடது பெடல் மேலே வரும்போதெல்லாம் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சீட்டை உயர்த்தினால் பெடல் கீழே போகும்போது கால் எட்டவில்லை.

“இது எல்லாருக்கும் பொதுவா செஞ்சதும்மா. உங்க முட்டிக்குன்னு கம்பெனியில தனியா செய்வாங்களா?” என்றார் கடைக்காரர்.

“என் முட்டிய எந்தக் கம்பெனியும் செய்யலியே,” என்றார் அண்ணி.

இறங்கியவர் பார்வை மூலையில் நின்ற குழந்தைச் சைக்கிள் மேல் போனது. அதில் பெடலைத் தாங்கும் இரும்புக் கை குட்டையாக இருந்தது. “இடது பக்கம் மட்டும் இந்தக் கையப் போட்டா? நானே பூட்டிக்கறேன்.”

“துணி மடிக்கறதுன்னு நெனச்சியா?” என்றார் அண்ணன். ஆனாலும் பழைய இரும்புக் கடையில் சட்டமும் சக்கரங்களும் குழந்தைச் சைக்கிளின் கை ஒன்றும் தேடிக் கொடுத்தவர் அவர்தான்.

எங்கள் தெருவில் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவருக்குப் பெயர் ‘காத்துக் கம்மி’. எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார். ஸ்பானர்களை அவர் இரவல் கொடுத்தார். மாலை வேளைகளில் அண்ணி பூட்டுவார், நான் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். செயின்கூடச் சரியாக உட்கார்ந்துவிட்டது. கடைசியாக இடது பெடல். வலப்பக்கம் திருகினால் எதுவும் இறுகும் என்பதுதானே நமக்குத் தெரிந்தது? “இன்னும் கொஞ்சம் இறுக்குங்க அண்ணி,” என்று நானே சொன்னேன். அண்ணி தம் கட்டித் திருகினார். இரும்புக் கையின் ஓட்டைக்குள் இருந்த மரை மொத்தமும் பிய்ந்துகொண்டு வந்தது.

காத்துக் கம்மி தலையில் கை வைத்துக்கொண்டார். “இடது பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும்மா, இடப்பக்கந்தான் திருகணும். மிதிக்க மிதிக்கக் கழலக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. கெடுத்துட்டீங்களே.”

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. தவறு என்னுடையது. நான் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தபோது, அண்ணி அந்த இரும்புக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிய்ந்த ஓட்டையிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளிக் கட்டைவிரலை வைத்தார்.

“இங்க புதுசா ஓட்ட போட்டு மரை வெட்ட முடியுமா?”

“லேத்துப் பட்டறையில வெட்டுவாங்க. ஆனா கை இன்னும் குட்டையாயிடுமே.”

“ஆகட்டும். நேத்து அந்த இரும்புல கால வெச்சுச் சுத்திப் பாத்தேன், முந்தின அளவே எனக்கு வலிச்சுது. இத்தன பேர் பாடுபடறப்ப எப்படிச் சொல்றதுன்னு வாயத் தெறக்கல.”

புதிய ஓட்டையில் பெடலை மாட்டியதும், முட்டி நோகாமல் கால் சுற்றி வந்தது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. சைக்கிள் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் போகும்.

“வண்டியும் உன்னாட்டமே நொண்டுதே,” என்றார் அண்ணன்.

“அதான் உங்களவிட அது எனக்கு நல்லா ஒத்துப்போவுது.”

ஒன்றாம் தேதி ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அண்ணி கேட்டுக்குள் இருந்தார். எனக்கு முன்னால்.

நான்கு வருஷம் கழித்து நான் மகளோடு இருக்க வேறு ஊருக்குக் கிளம்பினேன். விடியற்காலை ஐந்தரை மணி ரயில். அண்ணி சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ரயில் தாமதம் என்றார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என் கையைப் பிடித்தார். அன்றைக்குப் பிறகு எங்களுக்கு நேரில் சந்திக்க வாய்க்கவில்லை. அன்று அண்ணி சொன்னது இதுதான்:

“கோச்சுக்காதம்மா. வண்டி வர்ற வரைக்கும் நிக்க முடியாது, கேட்ட சாத்திடுவான். நீ சன்னலோரமா பாத்து உக்காந்துக்கோ. நான் மிதிச்சுப் போயிடறேன்.”