சிவப்புக் கப்பல் இல்லாத ஆட்டம்

ஒன்பது வயதில் நான் ஒரு வயரைப் பிடுங்கினேன். அதோடு என் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சுருக்கமாகச் சொன்னால் கதை இவ்வளவுதான். ஆனால் நான் எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவள் இல்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியும் இருந்திருக்காது.

அப்போது நாங்கள் பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்து ஊரான குருணில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை மாலை ஆனால் அவரும் அவர் தம்பியான சித்தப்பாவும் சுங்கை பட்டாணி டவுனில் இருந்த கேம் கடைக்குப் போவார்கள். நானும் தொற்றிக்கொள்வேன். அலமாரி உயரத்துக்கு ஒரு ஜப்பான் பெட்டி, அதில் விண்வெளிச் சண்டை. அப்பாவுக்கு நீலக் கப்பல், சித்தப்பாவுக்குச் சிவப்புக் கப்பல். நடுநடுவே ஓடும் ஜப்பான் எழுத்து யாருக்கும் புரியாததால் அப்பாவே ஒரு கதை கட்டிவிட்டிருந்தார். ஓர் இயந்திரம் பூமியைப் பிடுங்கிக்கொண்டதாம், அண்ணனும் தம்பியும் அதை மீட்கப் போகிறார்களாம். பிள்ளை பெற்ற ஆளுக்கு இது தேவையா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை, அப்பாவைக் குருணிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்த சித்தப்பா, பெரிய ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் பின்னால் போய் மோதினார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பாவுக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. சித்தப்பா அன்று குடித்திருந்தாரா என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மா மட்டும் அவரோடு பேசுவதை விட்டுவிட்டார். அவர் வந்தால் தேத்தண்ணியை என்னிடம் கொடுத்தனுப்புவார். அப்பா யாரோடும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். மோட்டாரை அவர் அதற்கப்புறம் தொடவே இல்லை. கையில் ஒரு பழைய கேம் செட்டும் ஒரு கேசட்டும் இருந்தன. அதே ஆட்டம்தான், வீட்டு டிவிக்காக ஜப்பான்காரர்களே சுருக்கிப் போட்டது. நிறம் மங்கல், எதிரிகள் பாதி, பாட்டோ கொசு பாடுவது போல. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்புக் கப்பலே இல்லை. கேசட்டில் இடம் பத்தாது, அதனால் ரெண்டு பேருக்கும் ஒரே கப்பல்தான் என்றார் சித்தப்பா. ஒரு கண்ட்ரோலைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதை அப்பாவின் இடது கையில் வைத்தார்.

"நான் ஓட்டறேண்ணே. நீங்க சுடுங்க. பட்டன அமுக்கினா போதும் லா."

அப்பா கட்டை விரலால் அமுக்கினார். கப்பல் சுட்டது.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, பெரிய எதிரி வெடித்தபோது அப்பா சிரித்தார். அம்மா அடுப்படியில் பைப்பை மூடிவிட்டுக் காது கொடுத்தார். அதிலிருந்து ஞாயிறு காலைகளில் அப்பா தனக்குச் சவரம் செய்துவிடச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், அப்பா தூங்கியபோது நானே செட்டைப் போட்டு ஆடினேன். முதல் கண்ட்ரோல்தான் கப்பலை ஓட்டியது, அதுவேதான் சுடவும் சுட்டது. இரண்டாவதை விரல் வலிக்க அமுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. கை காலை முடக்கியது போதாதென்று இந்த ஆள் அப்பாவை ஏமாற்றவும் செய்கிறாரா? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க ஞாயிறு வரை காத்திருந்தேன், அவ்வளவு பெரிய அதிகப்பிரசங்கி நான்.

அவர்கள் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தபோது தவழ்ந்து போய் அப்பாவின் வயரைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்கப்பா, வயரு என் கையில இருக்கு, கப்பல் இன்னும் சுடுது. சித்தப்பா உங்கள ஏமாத்துறாரு."

சித்தப்பாவின் கை நின்றுபோனது. கப்பல் அடிபட்டு வெடித்தது. அப்பா என்னைக் கட்டிக்கொள்வார், சித்தப்பாவைத் திட்டுவார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியும்மா," என்றார் அப்பா. "மொத நாளே தெரியும். மாட்டி வை."

சித்தப்பா எழுந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். அவர் அழுதது எனக்கு வினோதமாக இருந்தது. ஏமாந்தது அப்பா, அழுவது இவரா?

அடுத்த ஞாயிறும் அப்பா சவரம் செய்துகொண்டு காத்திருந்தார். சித்தப்பா ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அப்பாவின் சாவுக்குத்தான் வந்தார். அந்தப் பெட்டியின் முன்னால் அத்தனை சனிக்கிழமை தம்பியோடு நின்றவருக்கு, தம்பி சுடுவது எப்படி, தான் சுடுவது எப்படி என்று தெரியாமலா இருந்திருக்கும்? அந்த லோரியைப் பற்றிப் பேசாமல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று அப்பா மாட்டி வை என்றபோது நான் பதில் சொன்னேன். சித்தப்பா அதற்குள் வாசல் கேட்டுப் பக்கம்தான் போயிருந்தார், அவர் காதிலும் விழுந்திருக்கும்.

வேலை செய்யாத வயரை எதற்கப்பா மாட்ட வேண்டும் என்று கேட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.