முகப்பில் ஓர் எட்டு

ஈரச் சிமெண்டைத் தொட்ட விரல் காய்ந்ததும் தோல் இழுத்துக்கொண்டு சுரசுரவென்று ஆகிவிடும்; 2005 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அந்தச் சுரசுரப்பைக் கட்டைவிரலால் தேய்த்தபடி, ஓரிடத்தில் உட்கார முடியாமல், வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, 'சொல்தா வூடு' என்று தெருவே சொல்லும் பழைய மாடிவீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள்; அப்படி ஒருவரின் பேரப்பிள்ளைகள் பாரீசில் இருந்தபடியே வீட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். விற்றால் இடிப்பார்கள், இடித்தால் நாங்கள் வெளியேற வேண்டும். இடிக்கக் கூடாத பழைய வீடுகளுக்கு ஒரு பட்டியல் தயாராகிறது, அதற்காக வீடு வீடாகப் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்கு உயிர் வந்தது. பத்திரமெல்லாம் பாரீசில் இருந்தது. வீட்டின் வயதுக்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி, முகப்பின் உச்சியில் சுண்ணாம்புச் சாந்தில் புடைத்து நின்ற நான்கு இலக்கங்கள்தான்.

வருடங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். பள்ளி விட்டு வரும் வழியில் முகப்பு முகப்பாக அண்ணாந்து பார்த்து, ஒவ்வொன்றையும் படத்தோடு நோட்டில் குறித்துக்கொள்வேன். "வூட்டுக்கெல்லாம் ஜாதகம் எழுதறியே, எந்த வூட்டுக்குடி மொதல்ல கல்யாணம்?" என்று பக்கத்துப் போர்ஷன் மரியா அக்கா கேலி செய்வார். எங்கள் வீட்டின் கடைசி இலக்கத்தில் மட்டும் மேல்பாதி மழையில் உதிர்ந்து, கீழே ஒரு வட்டம்தான் மிஞ்சியிருந்தது. ஆறா, எட்டா? உடைந்ததை உடைந்தபடியே வரைந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன்.

வேலை பார்த்த மில் மூடியபின் கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, பார்க்க வருகிறவர்கள் முன்னால் வீடு மூளியாக நிற்கக் கூடாது என்று நினைத்தார். அந்த ஞாயிறு காலை கரண்டியோடு ஏணியில் ஏறி, மேலிருந்து கேட்டார்: "கடைசி நம்பர் என்னாம்மா?"

கேள்விக்குறியைக் கரண்டியால் பூச முடியாது. "எட்டுப்பா" என்றேன்.

பழைய சாந்தோடு சிமெண்ட் ஒட்டாது என்று மற்ற மூன்றையும் செதுக்கித் தள்ளிவிட்டு நான்கையும் புதிதாக வைத்தார். நானும் ஏறி எட்டின் இடுப்பை விரலால் வழித்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. கீழே இறங்கி நோட்டைத் திறந்தேன்; கேள்விக்குறி அங்கேயே இருந்தது.

புதன்கிழமை பட்டியலுக்காக இருவர் வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் ஏணி கேட்டு ஏறி, சாவியால் எட்டைச் சுரண்டினார்.

"இது புது சிமெண்ட்டாச்சே. நீங்களே போட்டதா?"

"ஆமாங்க மேடம்," என்றார் அப்பா, பெருமையாக. "பழசு உதிந்துபோச்சி. பாப்பா பாத்து சொல்லிச்சி, அப்பிடியே வச்சிட்டேன்."

"பழசு எப்படி இருந்துச்சின்னு போட்டோ, படம் எதுனா இருக்கா?"

நோட்டு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காட்டினால் கேள்விக்குறி தெரியும். நான் அடித்துச் சொன்ன எட்டு வெறும் ஊகம் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். இல்லை என்று தலையாட்டினேன். அந்த அம்மாள் தாளில் எழுதியிருந்த வருடத்தை அடித்தார்; உடன் வந்தவர் கேமராவை உறைக்குள் போட்டுக்கொண்டார்.

பட்டியலில் எங்கள் வீடு இல்லை. அடுத்த பொங்கலுக்கு முன்பே உப்பளம் பகுதியில் ஓர் ஒற்றை அறைக்கு மாறிவிட்டோம். "கைய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்," என்று அப்பா தன்னையே திட்டிக்கொண்டார். நான் நோட்டைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

சொல்தா வீட்டின் ஆளுயர ஜன்னல்களும் மரப்படிக்கட்டும் போய், அங்கே இன்று மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு விடுதி நிற்கிறது. பழைய வீடு போலவே தெரிய வேண்டும் என்று, இடிப்பதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து முகப்பில் அப்பா வைத்த அதே வருடத்தை வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதன்கீழ் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். வளர்ந்தபின் ஊரின் பழைய வீடுகளைப் பற்றி இவ்வளவு குறிப்பு எழுதியும் அந்தத் தெருவை மட்டும் நான் எழுதியதில்லை.

போன மாதம் அப்பாவை அந்தப் பக்கம் அழைத்துப்போனேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"நம்ப எட்டுதான்டி," என்றார்.

கேள்விக்குறியிட்ட அந்த நோட்டு அன்றும் என் பைக்குள்ளேயே இருந்தது.