முதுகுத் தகட்டில் மேற்கு வெயில்

எங்கள் கோழிப் பண்ணையில் சூட்டுக்கு ஒரே அர்த்தம்தான். சித்திரை மதியத்தில் முட்டைக் கோழி வாயைப் பிளந்து இறக்கையைத் தூக்கிவிட்டால் என் கணவர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். மோட்டாரைப் போட்டுக் கூரையை நனைப்பார், ஷெட்டின் மேற்குப் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார். தொட்டுப் பார்த்து உடம்பு கொதித்தால் அந்தக் கோழி போய்விட்டது என்று பொருள். அப்படிப் பழகிய மனிதரிடம் போய் என் கம்ப்யூட்டர் சூடாகிறது என்று சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நான் வீடுகளுக்கு எலிவேஷன் போடுகிறவள். கடைக்கால் எடுப்பதற்கு முன்பே, கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல ஒரு படம் செய்து கொடுப்பேன். நாமக்கல்லில் ஓர் இன்ஜினியர் முதல்முறையாக என்னை நம்பி ஒரு பெரிய வீட்டைக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் போர்வெல் தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியோடு வடக்கே கிளம்புகிறார், திரும்பி வரப் பல மாதம் ஆகும். அதற்குள் அவரும் அவர் மனைவியும் படத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான்: மேற்குப் பார்த்த வாசல், சாயங்கால வெயில் கூடத்துக்குள் எவ்வளவு தூரம் வரும்?

படம் வராவிட்டால் வேலை சேலத்தில் படம் போடுகிறவர்களுக்குப் போய்விடும் என்று இன்ஜினியர் நயமாகச் சொல்லியிருந்தார். அது போனால் எனக்குத் தனித் தொழில் என்ற பேச்சே வீட்டில் எடுபடாது. நாளைக்கே முட்டை அட்டை அடுக்க உட்கார வேண்டியதுதான். எனக்கு முட்டைமேல் கோபமில்லை, ஆனால் வரைவதுதான் எனக்கு உயிர்.

வெயில் எங்கே விழும், சுவரில் பட்டு எங்கே திரும்பும் என்பதையெல்லாம் கணக்கிடுவது கிராபிக்ஸ் கார்டு. என்னுடையது பழசாக வாங்கியது. நல்ல பெரிய கார்டு, ஆனால் அதன் முதுகை மூடும் தகட்டை முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தார். இந்த ரகத்தில் முதுகுப் பக்கமும் மெமரி சிப்புகள் உண்டு. படம் பாதி ஓடும்போது திரையின் மூலையில் காட்டும் அந்த மெமரியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டும், கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். தீவனத் தூசியை ஊதித் தள்ளிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் கணவர் வந்து குனிந்து பார்த்தார். ஜன்னலில் ஈரச் சாக்குக் கட்டலாம் என்றார். நான் பார்த்த பார்வையில் அந்த யோசனையை விட்டுவிட்டார். பிறகு கார்டு தன் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் தொங்குவதைக் கண்டுபிடித்தார்.

"ஏம்புள்ள, இது இப்படிச் சாஞ்சு கெடந்தா சூடாகாம என்ன பண்ணும்? ஒரு முட்டுக் குடுத்தாச் செரியாப் போயிரும்."

கோழிக் கூண்டுக் கம்பியை வளைத்து, டேப் சுற்றி, அழகாக ஒரு முட்டுச் செய்தார். கார்டு நிமிர்ந்து நின்றது. சூடு ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. முட்டுக் கொடுத்தால் கார்டு ஒடியாது, அவ்வளவுதான் அதன் புண்ணியம். ஆனால் அவர் அதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

முதுகுக்குத் தகடு போட்டாவது பார்ப்போம் என்று, லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா மகனிடம் போனோம். அண்ணன் அளவெடுத்து, அலுமினியத் தகட்டை வெட்டி, ஓரம் தேய்த்து, திருகாணித் துளை போட்டார். கூடவே தகட்டின் உள்பக்கம் முழுக்கப் பழைய டியூப் ரப்பரை ஒட்டினார்.

"இது எதுக்குங்ணா?" என்று கேட்டேன்.

"என்ன அம்மிணி இப்படிக் கேக்கற? ரப்பர் வெக்காத தகடு நம்ம பட்டறையில ஏது? தடதடன்னு ஆடுமல்ல. கரண்டும் தகட்டுல ஏறாது."

கரண்ட் விஷயத்தில் அண்ணன் சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்து மாட்டி, வேலையை ஓடவிட்டு, இருவரும் மாற்றி மாற்றித் தகட்டைத் தொட்டுப் பார்த்தோம். ஜில்லென்று இருந்தது. என் கணவருக்கு வாயெல்லாம் பல். கோழிக்குச் சூடு இறங்கிவிட்ட மாதிரி தட்டிக்கொடுத்தார். நானும் திரையின் மூலையைப் பார்க்காமல் டீ போடப் போனேன். பால் பொங்குவதற்குள் கம்ப்யூட்டர் செத்தது. முன்பைவிடச் சீக்கிரமாகச் செத்தது.

அன்று நான் கத்திய கத்தலுக்குக் கோழிகள் முட்டையிட்டதே ஆச்சரியம். கத்தி முடித்ததும் தகட்டைக் கழற்றினேன். ரப்பரின் அடிப்பக்கம் விரலைச் சுட்டது, மேலே தகடு மட்டும் குளிர்ந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்திரை மாதத்தில் கார்டுக்குக் கம்பளி போர்த்திவிட்டு, கம்பளியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

மறுநாள் பஸ் பிடித்துச் சேலம் போய் தெர்மல் பேடு வாங்கி வந்தேன். நுங்குபோல மெத்தென்று இருக்கும் பட்டை, சூட்டைத் தன் வழியே கடத்திவிடும். ரப்பரை முழுக்க உரித்துப் போட்டேன். கரண்டுப் புள்ளிகளில் தகடு படாதபடி திருகாணிகளுக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் வைத்தேன். சிப்புகளின்மேல் மட்டும் பட்டையை வெட்டி ஒட்டித் தகட்டை அழுத்தி முடுக்கினேன். அவர் செய்த முட்டுக் கம்பியையும் அதன் இடத்தில் நிறுத்தினேன், வைத்தவர் மனம் நோகக்கூடாதே.

வெள்ளிக்கிழமை காலையில் படத்தை ஓடவிட்டேன். மதியம் தாண்டியது. கடைசிப் பகுதி, கூடத்தில் சாயங்கால வெயில் விழும் காட்சி, மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர் ஷெட்டிலிருந்து வந்தார். பழக்க தோஷம், நேராகப் போய்த் தகட்டில் கை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, கையே வெக்க முடீல! இது போயிருச்சு புள்ள!" என்று சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார்.

"அணைச்சுப்போடாதீங்க!" நான் நாற்காலியோடு சாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். "இங்க பாருங்க, இந்த நம்பரப் பாருங்க!"

மூலையில் இருந்த எண் நூறுக்கு நன்றாகக் கீழே நின்றது. காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. அவர் அதைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இவ்வளவு சுடுதே, எப்படிக் கொறையும்?"

"சுடறதுனாலதாங்க கொறையுது. உள்ள கெடந்த சூடு வெளிய வந்துருச்சு."

இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொன்னதில் பெரிய அறிவு ஒன்றும் இல்லை, பட்டைக்கும் தகட்டுக்கும் அதுதான் வேலை. சிப்பைத் தொடாத தகடு வெறும் அலங்காரம். தொடும் தகடும் மாயமெல்லாம் செய்யாது, மெமரியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும், அவ்வளவே. ஆனாலும் நான் தகட்டுக்குச் சற்று மேலே உள்ளங்கையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். திரையில் அந்த வீட்டுக் கூடத்துக்குள் வெயில் வந்துகொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டி, தரையில் நீண்டு, ஊஞ்சலின் கால்வரை வந்தது. அங்கே கணக்காகிற வெயில் இங்கே என் கையில் உறைத்தது.

அவர் ஷெட்டுக்குப் போய், கோழிகளுக்கு வைத்திருந்த பெரிய ஸ்டாண்டு விசிறியைத் தூக்கி வந்து தகட்டுக்கு நேராக வைத்தார். எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு திரையைப் பார்த்து, "மேக்கால இவ்வளவு வெய்யில் வந்தா அந்தம்மா எப்படிக் குடியிருக்கும்? நம்ம கோழியக்கூட இப்படி வெக்க மாட்டமே" என்றார்.

படம் முடிந்ததும் அனுப்பினேன். பொழுது சாயும் நேரத்தில் இன்ஜினியர் போன் செய்தார். வீட்டுக்காரரும் மனைவியும் ரிக் வண்டியின் படியிலேயே உட்கார்ந்து பார்த்தார்களாம். வெயில் ஊஞ்சலைத் தொட்டதும் அந்த அம்மா, ஊஞ்சல் இங்கே வேண்டாம், வாசல் முன்னால் நிழலுக்கு அகலமாக ஒரு தாழ்வாரம் இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். "வரைபடத்துல எத்தனையோ தடவை காட்டினேனுங்க, வெயிலு இப்பத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சது. மாத்தி வரைஞ்சு குடுத்துருங்க. அடுத்த ஊடும் உங்களுக்குத்தான்" என்றார்.

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். விசிறியையும் நிறுத்தினோம். அவர் தகட்டில் மறுபடி கை வைத்தார், இந்த முறை எடுக்கவில்லை. பக்கத்தில் நானும் வைத்தேன். ஒரு செங்கல்கூட வைக்காத வீடு. இனி அப்படிக் கட்டப்படவும் போவதில்லை. அதன் கூடத்தில் விழுந்த வெயில் எங்கள் இருவர் கைக்கும் அடியில் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.