ஏசப்பாவுக்கு ஒரு மொட்டை

திருத்தணிக்காரர்களுக்கு வேண்டுதல் என்றாலே தலைமுடிதான். கழனி வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் கௌரியம்மாளும், தொண்ணூற்றெட்டில் மகன் முருகவேல் லாரியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முடியைத்தான் நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்ட சாமிதான் வேறு.

பக்கத்துக் கட்டில்காரரின் டிரான்சிஸ்டரில் விடியற்காலையில் கிறிஸ்தவப் பாட்டு வரும். கிடாரும் டிரம்ஸுமாக, சினிமாப் பாட்டு தோற்றது போங்கள். காலை எடுக்கவேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மறுநாள், அப்படியொரு பாட்டு. நீ அழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சாமியே பேசுவதாக ஒரு பெண் பாடினாள். கௌரியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அறிந்தவரை மனிதர்தான் சாமியைக் கூப்பிடுவார்கள். இதில் சாமியல்லவா அவளைக் கூப்பிட்டது! என் பிள்ளை நடந்துவிட்டால் என் முடி உனக்குத்தான் ஏசப்பா என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

கால் தப்பியது. பையன் நொண்டி நொண்டி நடந்தும்விட்டான். அப்புறம்தான் வில்லங்கம். முருகன் பேர் வைத்த பிள்ளைக்கு அங்கே போய் வேண்டுதலா, பேசாமல் மலையிலேயே முடியிறக்கு என்று கேலி பேசினான் கணவன் கிருஷ்ணன். ஒருத்தரிடம் கேட்டு வாங்கிவிட்டு இன்னொருத்தருக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்றாள் அவள். நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் பையன் மறுபடி படுத்துவிடுவானோ என்று அவளுக்கு ஒரே உதறல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையில் மொட்டையடிக்கும் சிங்காரத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு அரக்கோணத்துச் சர்ச்சுக்கு ரயிலேறினாள். சர்ச்சில் முடியெடுக்க ஆள் இருக்காது என்கிற அளவுக்கு அவளுக்கு விவரம் உண்டு. சர்ச்சில் மொட்டையே கிடையாது என்பதுதான் தெரியாது.

ஆராதனை முடிந்து வெளியே வந்த பாஸ்டர், வேப்பமரத்தடியில் சிங்காரம் கத்தியில் பிளேடு மாட்டுவதைப் பார்த்து அரண்டுபோனார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இங்கே அந்த வழக்கமில்லை, கர்த்தர் கேட்பது மனசை மட்டும்தான் என்று பதமாக எடுத்துச் சொன்னார்.

"மனச அன்னிக்கே குடுத்துட்டேங்க, ரேடியோவுல அழுதுகினே கேட்டப்பவே. அது யார் கண்ணுக்குத் தெரியுது? நாளைக்கு நானே இல்லன்னு சொல்லிடலாம். மொட்டையா போனா ஊரே கேக்கும், யாருக்குக் குடுத்தேன்னு. பேரச் சொல்லித்தான ஆவணும்?"

ஞாயிறுதோறும் பாடிவிட்டுப் போகிறவர்களைப் பாஸ்டர் நினைத்துக்கொண்டாரோ என்னவோ. தலையை நனைக்கத் தண்ணீர் வேண்டும் என்றான் சிங்காரம். அவரே உள்ளே போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்தார். சிங்காரம் கையை நீட்டினான்.

"இருப்பா, நான் ஊத்தறேன்" என்றார் பாஸ்டர்.

கௌரியம்மாள் கைகூப்பித் தலையைக் குனிந்தாள். முதல் தண்ணீர் விழும்போதே அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.