சந்தனம் வைத்த லென்ஸ்

மார்ச் ஒன்பது, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினேன். காபியோடு பேப்பரைக் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்தில் முடித்தேன். பல வருடப் பழக்கம். ஏழு மணிக்கு அக்கா மெல்போர்னிலிருந்து வீடியோவில் வந்தாள். வழக்கம்போலத் திரை முழுக்க மூக்கு. அந்த மூக்கோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு அலமாரியைத் துடைக்க உட்கார்ந்தேன். பழைய கேமராப் பையைத் திறந்ததும் லேசாகச் சந்தன வாசனை. கேமராவுக்கு ஏது சந்தனம் என்பீர்கள். அதைச் சொல்லாமல் இன்று அலமாரி வேலை நகராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், லென்ஸை மாற்றி மாற்றி மாட்டுகிற டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வாங்க ஆசை வந்தது. ஆசை என்ன, அரிப்பு. வீட்டில் சொல்வதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகத்தோடு போன ஸ்டுடியோ படத்தில் அவள் மாவு பூசிய பொம்மை. நான் செல்போனில் கிட்டப் போய் எடுத்ததிலோ, மூக்கு மட்டும் முன்னால் வந்து நின்றது. வரிசையாக மூன்று இடங்களில் வேண்டாம் என்றார்கள். அக்கா அழவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "அவங்க வேண்டாம்னது என்னை இல்லடா, அந்தப் படத்தை. என்னை மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் குடு, போதும்" என்றாள்.

மலைக்கோட்டைக்குக் கீழே அப்போது ஒரு கேமராக் கடை இருந்தது. அங்கே போய்க் கேமராவோடு முதலில் வாங்கியது நீளமான ஜூம் லென்ஸ். காரணம் அக்கா அல்ல, ஜீயபுரத்து வயல் கொக்குகள். கொக்குகள் கச்சிதமாக வந்தன. அக்கா வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு நீளமான வீடு. நடு அறையில் பகலிலும் விளக்கு வேண்டும். அந்த ஜூமுக்கோ வெளிச்சம் போதவே போதாது. எடுத்ததெல்லாம் கலங்கல்.

இருட்டுக்கு ஐம்பது எம்.எம். லென்ஸ்தான் சரி என்றார்கள். அதில் ஜூம் கிடையாது, நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அதை வாங்குவதா, அகலமாக எடுப்பதை வாங்குவதா? பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது இன்னொன்று. கடைக்குப் போய் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைக்காரர் ஒருநாள், "தம்பி, பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தனை தடவை வரமாட்டாங்க" என்றார். அவர் சும்மாதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பதைக் கட்டச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், மிக்சியோ ஸ்கூட்டரோ, பொட்டு வைத்த பிறகுதான் தொடலாம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா லென்ஸின் மூடியைக் கழற்றிக் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள்.

"அதாண்டா அதுக்கு மூஞ்சி. வேற எங்க வைக்கிறது?"

என் முகம் போன போக்கைப் பார்த்து, அவளே முந்தானையை நனைத்து அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அதன் பிறகு அந்த லென்ஸில் எது எடுத்தாலும் மார்கழிப் பனி.

மறுநாள் இன்னொரு வரனுக்குப் படம் அனுப்பியாக வேண்டும். மிச்சம் இருந்தது கொக்கு லென்ஸ்தான். அதற்கு வெளிச்சம் வேண்டும், தூரமும் வேண்டும். அக்காவைக் காவிரிக்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் நிறுத்திவிட்டு, நான் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். நின்றால் தலை வெட்டுப்பட்டது, இன்னும் போனேன். குளிப்பவர்கள், துணி பிழிகிறவர்கள் எல்லோரையும் இடித்துக்கொண்டு. எங்கே நின்று பார்த்தாலும் திருப்தி இல்லை.

அங்கிருந்து அக்காவின் குரல் வந்தது. "இன்னும் எவ்வளவு தூரம்டா போவ? அப்படியே ஜங்ஷன் போய் ரயில் ஏறிடு!"

புடவை பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் சிரித்துவிட்டாள். அக்காவுக்கும் சிரிப்பு முட்டியது. கை இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினேன்.

அதுதான் அக்கா. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த முதல் கேள்வி, "பொண்ணு யாரைத் திட்டுது?" என்பது. ஆவணியில் கல்யாணம்.

அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எந்த லென்ஸ் என்று யாரும் தவிப்பதில்லை. நான் அலமாரியைத் துடைத்து முடித்தும் ஜூமை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். வீட்டில் குறிபார்க்க ஆள் இல்லை. கத்தினால் காதில் விழுகிற தூரத்தில் அக்கா இருந்த காலம் போய்விட்டது. இப்போது அவள் கடல் தாண்டி இருக்கிறாள், முகமோ கண்ணை இடிக்கிற கிட்டத்தில்.

மார்ச் பத்து, திங்கள். காலையில் பாலை அடுப்பில் வைப்பதற்கு முன்பே அவளை வீடியோவில் கூப்பிட்டேன். போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள், "போயேன்" என்றேன். சமையலறையின் மறுகோடிவரை போய், கரண்டியோடு திரும்பினாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்டா?"

தலை நன்றாக நரைத்திருந்தது. மூக்கு அதன் இடத்தில் இருந்தது.